வசனத்துக்கு முன்னும் பின்னும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். இந்த ஆண்டு என் கைக்கு வந்தது எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வசனத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஏப்ரல் மாதம் என் கணவருக்கு வேலை போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வசனம் உண்மையில் எனக்கு உரியதுதானா என்று மனம் கேட்கிறது.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, அந்த வசனம் உங்கள் வீட்டுக்கும் உரியதுதான். ஆனால் அது தனித்து வந்த வசனமன்று. ஒரு நீண்ட கடிதத்தின் நடுவே நிற்பது. எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, பிறகு சுவரிலுள்ள சட்டத்தை ஏறிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசன் எகொனியாவையும், அவனுடைய தாயையும், பிரபுக்களையும், தச்சர்களையும், கொல்லர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். ஊரில் மீந்திருந்தவர்களும் பாபிலோனில் போய்ச் சேர்ந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: எப்போது இது முடியும்? அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லாரும் பார்த்திருக்க, பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசியின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து முறித்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் அனைத்தும் திரும்பி வரும் என்று அறிவித்தான். கூட்டத்தின் காதுக்கு அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! இன்றைக்கும் அப்படிப் பேசுகிறவர்களுக்கே கூட்டம் சேருகிறது. எரேமியாவோ சிறைப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, எலெயாசா, கெமரியா என்னும் இருவர் கையில் கொடுத்தனுப்பினார். அதில் அவர் குறித்த காலம் எழுபது வருஷம். அதுவரை என்ன செய்வது என்பதையும் அவர் எழுதினார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்தின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். இவ்வளவும் எழுதிய பிறகே பதினோராம் வசனம் வருகிறது.

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதாயிருந்த ஒருவர் திரும்பிப் போகும் நாளைத் தம் கண்ணால் கண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவரிடம்தான் ஆண்டவர், உன்னைக் குறித்து நான் நினைத்திருப்பது தீமையல்ல என்று சொல்கிறார். நிலைமை சீக்கிரத்தில் மாறாத மனிதர்களுக்கு முதன்முதலில் எழுதப்பட்ட வசனம் அது என்பதை அறிந்தால், ஏப்ரல் மாதத்துச் செய்தி அதைப் பொய்யாக்கிவிட்டதாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கடிதம் ஒரு தனி மனிதருக்கு அனுப்பப்பட்டதன்று. மூப்பர்கள், ஆசாரியர்கள், தீர்க்கதரிசிகள், ஜனங்கள் என்று எல்லாருக்குமாக வந்தது. நாமோ அதை ஆளுக்கொரு அட்டையாக வெட்டிக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதனால் ஒரு வீட்டில் வருமானம் நின்றால், அந்த வீட்டுக்கு வந்த வசனம் அந்த வீட்டின் கவலையாக மட்டும் நின்றுவிடுகிறது. வாக்குத்தத்த அட்டையை நான் இகழவில்லை. ஆண்டு முழுவதும் நினைவில் நிற்கும் ஒரே வசனமாகப் பல வீடுகளில் அதுதான் இருக்கிறது. ஆனால் அட்டை கொடுக்கும் சபை, அந்த அதிகாரம் முழுவதையும் ஜனவரி மாதத்திலேயே அந்த வீட்டாரோடு உட்கார்ந்து வாசிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் ஆயரிடம் கணவரின் வேலை குறித்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். சபையில் தொழில் நடத்துகிறவர்கள் இருப்பார்கள், வேலை விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் காதுக்குச் செய்தி போகாமல் உதவி வராது. அந்தச் சட்டத்தில் ஐந்தாம் வசனம் முதல் பதினான்காம் வசனம் வரை உங்கள் கையாலேயே எழுதி மாட்டிவிடுங்கள்.

கேள்வி: ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் திட்டம் ஒன்றைக் கைபேசியில் பின்பற்றி வருகிறேன். இரவு வேலை இருப்பதால் அடிக்கடி நாள்கள் விட்டுப்போகின்றன. விட்டுப்போன அதிகாரங்களை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓட்டிவிடுகிறேன். முடித்த திருப்தி இருக்கிறது. வாசித்தது எதுவும் மனத்தில் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டின் முடிவில் ஏறக்குறைய நூறு அதிகாரங்கள் மிஞ்சும். இரவு வேலை பார்த்து விடியற்காலையில் வீடு திரும்புகிற ஒருவருக்கு இது இலேசான காரியமன்று.

இத்தகைய அட்டவணைகளில் மிகவும் பெயர்பெற்ற ஒன்றை எழுதியவர், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆயராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின். ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் வாசித்து முடிக்கும்படி 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்கு அதை வகுத்துக் கொடுத்தார். அடுத்த மார்ச் மாதமே, 29 வயதில், காய்ச்சலால் இறந்துபோனார். அந்த அட்டவணையோடு அவர் எழுதிய முன்னுரையைப் பலர் அறிவதில்லை. திட்டத்தின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளை அவர் வரிசையாகச் சொல்லிவிடுகிறார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், அன்றைய பங்கை முடித்துவிட்டோம் என்ற சுயநீதி தலைதூக்கலாம், கவனமில்லாமல் கண் ஓடலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லியிருப்பவை ஏறத்தாழ இவையே. திட்டத்தை உண்டாக்கியவரே முன்கூட்டி எச்சரித்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

எனக்கு நெருக்கமாகத் தோன்றும் வழி இதைவிடப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கையால் செய்யும் வேலைக்கும் வாசிப்புக்கும் நாளைப் பகிர்ந்து கொடுக்கிறது. தபசுகாலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரே ஒரு புத்தகம் தரப்படும்; அதை முதலிலிருந்து வரிசையாக, முழுவதும் வாசிக்க வேண்டும். வாசிக்கும் நேரத்தில் எவராவது சோம்பியிருக்கிறாரா, பக்கத்திலிருப்பவரிடம் வீண்பேச்சுப் பேசுகிறாரா என்று பார்த்துவர மூத்தவர்கள் ஒருவரோ இருவரோ சுற்றி வருவார்கள். துறவிகளுக்கே மனம் அலைந்தது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நாற்பது நாளுக்கு ஒரு புத்தகம் என்பது எத்தனை நிதானமான அளவு! நீங்களும் கைபேசியின் நாள் கணக்கை நிறுத்திவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தில் மாற்கு நற்செய்தியை எடுங்கள். பதினாறு அதிகாரங்கள்தான். ஒரு விடுமுறை நாளில் முழுவதையும் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, அதன்பின் ஒரு மாதம் அதே புத்தகத்திலேயே நாளுக்குச் சில வசனங்களாகத் தங்கியிருங்கள். ஆகஸ்டில் தொடங்கினாலும் அது முழு வாசிப்புதான்.

கேள்வி: கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கம்பராமாயணமும் திருவாசகமும் பாடத்தில் உள்ளன. எனக்கு அவற்றில் மனம் ஒன்றிப்போகிறது. ஜெபக்குழுவில் சிலர், விசுவாசியின் கையில் வேதாகமம் ஒன்றே போதும், கதைப் புத்தகமும் பிற சமய நூலும் ஆவிக்குரிய வாழ்வைக் கெடுக்கும் என்கிறார்கள். நாவல்களையும் விட்டுவிடச் சொல்கிறார்கள்.
– மாணவி, நாகர்கோவில்

பதில்: மகளே, பாடத்தையும் விட வேண்டாம், நாவல்களையும் விட வேண்டாம். இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று பேசிய பவுல், ‘உங்கள் புலவர்களிலும் சிலர்’ சொல்லியிருக்கிறார்கள் என்று கிரேக்கக் கவிதை வரியை எடுத்துக்காட்டுகிறார் (அப்போஸ்தலர் 17:28). ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்னும் அந்த வரி, வானத்து நட்சத்திரங்களைப் பற்றி அராட்டஸ் என்னும் புலவர் பாடிய நூலில் இருக்கிறது. அந்த நூல் கிரேக்கரின் தெய்வமாகிய சேயுசைப் போற்றித் தொடங்குவது. அதைப் பவுல் படிக்காமல் அந்த மேடையில் சொல்லியிருக்க முடியாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், காவலில் இருக்கும் நிலையில், மரணம் நெருங்கிவிட்டதை அறிந்தவராக அவர் கேட்பவை: துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடும்படியும் எழுதுகிறார். குளிருக்கு அங்கி கேட்ட அதே வாக்கியத்தில் புத்தகமும் கேட்ட மனிதர் அவர்.

உங்கள் பக்கத்து மாவட்டத்துக்கே வருவோம். திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியராக வேலை செய்த பின்பு, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். விசுவாசியானதும் கம்பனை மறந்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், 3,700க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இரட்சணிய யாத்திரிகம் நமக்குக் கிடைத்திருக்காது. 1894இல் நூலாக வெளிவந்த அந்தக் காப்பியத்தின் நடையிலும் ஓட்டத்திலும் கம்பனைக் கேட்காத தமிழ் மாணவர் இருக்க மாட்டார். அதன் கதையோ ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணத்திலிருந்து வந்தது. பாத்திரங்களின் ஓட்டை அடைத்துப் பிழைத்த பன்யன், தமக்கு மணமானபோது தம் இருவருக்கும் சேர்த்து ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாத வறுமையில் இருந்ததாகவும், மனைவியின் தந்தை விட்டுச் சென்ற இரண்டு பக்தி நூல்கள் மட்டும் அவளோடு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் இருவரும் சில வேளைகளில் சேர்ந்து வாசித்தார்கள்.

நாவலை விடச் சொல்கிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: தமிழின் முதல் நாவல் என்று நாம் கொண்டாடும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர், முன்சீப்பாக நீதி வழங்கியவர். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் அவர் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்ததைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார், ‘நீயே புருஷ மேரு’ என்று பாடினார். புத்தகம் எழுதியதும் கஞ்சி ஊற்றியதும் ஒரே விசுவாசத்திலிருந்துதான் வந்தன.

ஜெபக்குழுவில் உள்ளவர்கள் உங்கள்மேல் அன்பினால்தான் பேசுகிறார்கள். அவர்களை எதிர்த்து வாதாட வேண்டாம். திருவாசகத்தில் மனம் உருகுகிறது என்றால், அந்த உருக்கத்தை மறைக்காமல் ஆண்டவரிடமே சொல்லுங்கள். பிறருடைய பக்தியை மதித்துப் படிக்கத் தெரிந்தவர், தம் பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பொய்யாகப் பேசத் துணியமாட்டார். அந்த ஒரு பலனுக்காகவேனும் இந்தப் படிப்பு அவசியம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்தால் சமையல், பிள்ளைகள், அலுவலகம் என்று இரவு பத்தாகிறது. அரைமணி நேரம் ஜெபத்தில் உட்கார முடியவில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: உட்கார முடியாவிட்டால் நின்றபடி ஜெபிக்கலாம், அம்மா. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் பல ஆண்டுகள் சமையற்கட்டில் வேலை செய்தார். இளமையில் போர்வீரராகிக் காலில் காயம்பட்டவர். சமையல் வேலை அவருக்குச் சுபாவமாகவே பிடிக்காது. ஆனாலும் வாணலியில் முட்டையைப் புரட்டிப் போடுவதைக்கூட ஆண்டவர்மேலுள்ள அன்பினால் செய்வதாகச் சொன்னார். இதைச் சொல்லி உங்கள் சுமையை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவர் மடத்தில் இருந்தார். உங்கள் வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பாத்திரங்களை வீட்டிலுள்ள ஆண்கள் கழுவட்டும். உங்களுக்குக் கிடைக்கும் அந்த இருபது நிமிடம், அவர்கள் செய்யும் ஜெபத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

கேள்வி: என் கணவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஆராதனையில் துதிப்பாடல் பாடும்போது வாய் திறக்க முடியவில்லை. ‘கர்த்தருடைய சித்தம், அழக்கூடாது’ என்கிறார்கள். வேதாகமத்தைத் திறந்தால் கோபம் வருகிறது. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை, அம்மா. கோபத்தோடாவது வேதாகமத்தைத் திறக்கிறீர்களே. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

88ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கி, ஒரு கட்டத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். ஆறே வசனங்களுள்ள 13ஆம் சங்கீதம், ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் பாட்டில் முடிகிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம் கிடையாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் உம்முடைய முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளிலேயே அது முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ‘அல்லேலூயா’வைச் சேர்த்து எழுதலாம் என்று தொகுத்தவர்கள் நினைக்கவில்லை. அப்படியே ஆலயத்தில் பாடுவதற்குக் கொடுத்தார்கள். உங்களைப் போன்ற ஒருவர் சபை நடுவே உட்கார்ந்திருப்பார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். நம் ஞாயிறு ஆராதனைகளிலோ அந்தப் பங்குக்கு இடமே இல்லாமற்போய்விட்டது. பாடல்களைத் தெரிந்தெடுக்கிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சிலுவையில் நம் ஆண்டவர் எடுத்துச் சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியே: ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’

‘அழக்கூடாது’ என்று சொல்லுகிறவர்களுக்கு யோபு புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதன்பின் அவர்கள் பேசிய அத்தனை அதிகாரங்களையும்விட அந்த ஏழு நாள்களே மேலானவை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வசனம் சொல்ல அவசரப்படாமல், ஒரு வேளைச் சோற்றை எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

துதிப்பாடல் பாடும்போது நீங்கள் வாய் மூடியிருக்கலாம். உங்களுக்காகச் சபை பாடும். தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்; அதனால் விசுவாசத்துக்குக் குறைவு ஒன்றும் வராது.

கேள்வி: என் பாட்டிக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள் முழுவதும் மனப்பாடம். ‘எனக்கு வேதம் தெரியாதே’ என்று அடிக்கடி வருந்துகிறார். அவருக்கு என்ன சொல்வது?
– பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில், இந்தத் தீர்க்கதரிசன வசனங்களை வாசிக்கிற ஒருவனும், கேட்கிற பலரும் பாக்கியவான்கள் என்று இருக்கிறது. அந்தக் காலத்துச் சபையில் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்; பெரும்பாலானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. பவுலின் நிருபங்களெல்லாம் அப்படிக் காதால் கேட்கப்பட்டவையே. பாட்டி அந்த வரிசையைச் சேர்ந்தவர். சாஸ்திரியாருடைய பாடல்களில் வேதக் கதைகளும் வசனங்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றை மனப்பாடமாகப் பாடுகிறவர் தமக்கு வேதம் தெரியாது என்று வருந்துவது அவருடைய தாழ்மையைக் காட்டுகிறது.

வாசிக்கிறவராக நீ இரு. இன்று மாலை ரூத் புத்தகத்தை எடுத்துப் பாட்டியின் பக்கத்தில் உட்கார். நான்கு அதிகாரம், 85 வசனம். நிதானமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதே. இரண்டாம் அதிகாரத்தில், அறுவடை வயலில் கதிர் பொறுக்கப் போன ரூத்துக்கு மத்தியானம் வறுத்த கோதுமை கொடுக்கிறார்கள். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு, மீதியை வைத்திருந்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியாருக்குக் கொடுக்கிறாள். அந்த இடத்தில் பாட்டி ஏதாவது சொல்லுவார். வயல், கதிர், மாமியார், பசி ஆகியவற்றைப் பற்றி உன்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவர் சொல்லுவதை நீ கேட்டுக்கொள். விருப்பமிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வை. அடுத்த வாரம் யோனா. அதுவும் நான்கு அதிகாரம்தான்.